வீட்டுப் பட்டறைக்கு இரும்பு வளைக்கும் கருவி: 15,000 ரூபாய்க்குள் எதை வாங்கலாம்?

முசிறிக் கொட்டகை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பணி ஓய்வு பெற்ற பிறகு, வீட்டின் பின்புறம் வெறுமனே கிடந்த மாட்டுக் கொட்டகையைச் சுத்தம் செய்து ஒரு சிறு பட்டறையாக மாற்றியிருக்கிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம். வெல்டிங் மெஷின், கட்டிங் மெஷின், 6 அங்குல வைஸ், ஒரு டிரில்லிங் மெஷின் ஆகியவை ஏற்கெனவே இருக்கின்றன. வெட்டவும் ஒட்டவும் ஓரளவு பழகிவிட்டேன், வளைப்பதில்தான் தடுமாறுகிறேன். வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடித்தால் மூலை ஒருபக்கம் சாய்கிறது, பட்டையில் தழும்பு விழுகிறது, இரண்டு பிராக்கெட்டுகள் ஒன்றுபோல் அமைவதே இல்லை.

திருச்சியில் ஒரு கடையில் மூன்று கருவிகளைக் காட்டினார்கள். முதலாவது, தரையில் நிற்கும் தூணின் மேல் நீண்ட நெம்புகோலும் இரும்பைச் சுற்றி வளைப்பதற்கான பல அளவு உருளை அச்சுகளும் (டைகள்) கொண்ட கைவளைப்பான். இரண்டாவது, 12 டன் ஹைட்ராலிக் பைப் பென்டர். மூன்றாவது, வைஸின் தாடைகளுக்கு இடையில் வைத்துத் தகடு மடிக்கும் சிறு அச்சு. கடைக்காரர் இரண்டாவதையே வற்புறுத்தினார். "12 டன் இருக்கிறது, எதை வைத்தாலும் வளைந்துவிடும்" என்றார். என்னால் 15,000 ரூபாய்க்கு மேல் செலவிட இயலாது. எதை வாங்கினால் பிறகு வருந்தாமல் இருப்பேன் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

திருவெறும்பூர் ஃபிட்டர் எழுதியது:

வணக்கம் ஐயா. எதை வைத்தாலும் வளைந்துவிடும் என்று அவர் சொன்னது உண்மைதான். எப்படி வளையும் என்பதைத்தான் சொல்லாமல் விட்டுவிட்டார்.

திருச்சியில் பெல் கொதிகலன் ஆலை 1965இல் தொடங்கிய பிறகு அதைச் சார்ந்த சிறு தொழிற்கூடங்கள் திருவெறும்பூரிலும் துவாக்குடியிலும் வளர்ந்தன. அப்படிப்பட்ட ஒரு கூடத்தில் முப்பது ஆண்டுகள் குழாய் வளைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: குழாயை வளைப்பதும் கெட்டி இரும்பை வளைப்பதும் ஒரே வேலை அன்று. கெட்டிப் பட்டையை வளைக்கும்போது அதன் வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் சுருங்குகிறது, அவ்வளவுதான். குழாய்க்கு நடுவில் ஒன்றுமில்லாததால், நீள விரும்பாத வெளிச்சுவர் உள்நோக்கி அமுங்கிவிடும். சுருங்க விரும்பாத உட்சுவர் மடிப்பு மடிப்பாகச் சுருக்கம் விழும். இதைத் தடுக்கத்தான் ஆலைகளில் குழாய்க்குள் மாண்ட்ரில் செலுத்தி, வளையும் இடத்தில் உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கிறோம். கடையில் நீங்கள் பார்த்த ஹைட்ராலிக் பென்டரில் அந்த ஏற்பாடு கிடையாது. நடுவில் ஒரு டை குழாயைத் தள்ளும், இரு பக்கமும் இரண்டு உருளைகள் எதிர்த்து நிற்கும். தண்ணீர்க் குழாயைப் போலத் தடித்த சுவருள்ள பைப்புக்கு அது போதுமானது.

இன்னொரு சிக்கல் அளவில் இருக்கிறது. அந்த டைகள் யாவும் பைப்பின் பெயரளவுக்கு வார்க்கப்பட்டவை. கடையில் "1 அங்குல பைப்" என்று சொல்வதன் வெளிவிட்டம் 33.7 மி.மீ.; அரை அங்குலத்துக்கு 21.3, முக்கால் அங்குலத்துக்கு 26.9. ஆனால் நாற்காலி, மேசை செய்யும் "1 அங்குல ட்யூப்" உண்மையிலேயே 25.4 மி.மீ. வெளிவிட்டம் உடையது, சுவரும் பெரும்பாலும் 1.2 அல்லது 1.6 மி.மீ.தான். 1 அங்குல டையில் வைத்தால் எட்டு மி.மீ. இடைவெளியில் ஆடிக்கொண்டு நிற்கும்; முக்கால் அங்குல டையில் வைத்தாலும் பக்கவாட்டில் தாங்கல் கிடைக்காது. 12 டன் விசையில் பாதிகூடத் தேவைப்படாமல் அது தட்டையாகிவிடும். பட்டையை வைத்தால் இன்னும் மோசம்: மூலை கிடைக்காது, வில் கிடைக்கும்.

ஆகவே கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு கேள்வி. அடுத்த ஓராண்டில் நீங்கள் உண்மையில் எவற்றை வளைக்கப் போகிறீர்கள்? ஆசைப்படுவதை விட்டுவிட்டு, செய்யப்போவதை மட்டும் எழுதுங்கள்.

முசிறிக் கொட்டகை எழுதியது:

மிக்க நன்றி ஐயா. ட்யூப் அளவு குறித்து இவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. நான் செய்ய நினைத்திருப்பவை இவை: புத்தக அலமாரிக்கு 25 மி.மீ. அகலமும் 6 மி.மீ. தடிமனும் உள்ள (25க்கு 6) பட்டையில் இருபது பிராக்கெட்டுகள், ஜன்னல் கிரில்லுக்கு 12 மி.மீ. சதுரக் கம்பியிலும் 20க்கு 5 பட்டையிலும் சுருள்கள். தொட்டிகள் வைக்க 12 மி.மீ. உருட்டுக் கம்பியில் வளையங்கள். மல்லிகைப் பந்தலுக்கு அரை அங்குல ஜி.ஐ. பைப்பில் இரண்டு வளைவுகள். நாற்காலி என்பது ஆசை மட்டுமே. அதை இப்போதே அடித்துவிட்டேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பட்டியல் வந்துவிட்டதால் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். நான் இயந்திரவியல் கற்பிப்பவன். சுண்ணக்கட்டி கையில் இல்லாமல் பேச வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டுமானங்களுக்கான சாதாரண இரும்பு சதுர மி.மீ.க்கு 250 நியூட்டன் தகைவில் நிரந்தரமாக வளையத் தொடங்குகிறது. ஒரு பட்டையை முழுமையாக வளைக்கத் தேவையான திருப்புவிசை, அதன் அகலத்தைத் தடிமனின் வர்க்கத்தால் பெருக்கி, நான்கால் வகுத்து, அந்த 250ஆல் பெருக்கினால் கிடைக்கும். 25க்கு 6 பட்டைக்கு 56 நியூட்டன் மீட்டர் வருகிறது. ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் ஏறத்தாழ 6 கிலோ இழுவை என்று பொருள். 12 மி.மீ. உருட்டுக் கம்பிக்கு ஏழரை கிலோவும், 12 மி.மீ. சதுரத்துக்கு 11 கிலோவும் வரும். கடையில் கிடைக்கும் இரும்பு பெரும்பாலும் 250ஐவிடச் சற்று வலுவாகவே இருக்கும். வளைய வளைய இறுகும். டையில் உராய்வும் உண்டு. எனவே கிடைத்த விடையை ஒன்றரையால் பெருக்கிக்கொள்வது என் வழக்கம். அப்போதும் உங்கள் பட்டியலில் உள்ள பட்டைகளிலும் கம்பிகளிலும் மிகக் கடினமானது 16 அல்லது 17 கிலோதான். தண்ணீர்க் குடத்தைத் தூக்கும் அளவுக்குச் சமம்.

இதில் கவனிக்க வேண்டியது தடிமனின் வர்க்கம். அகலம் இரண்டு மடங்கானால் விசையும் இரண்டு மடங்காகும். தடிமன் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். உருட்டுக் கம்பியின் விட்டம் இரண்டு மடங்கானால் எட்டு மடங்காகும். 50க்கு 10 பட்டைக்கு அதே ஒரு மீட்டர் கைப்பிடியில் 32 கிலோ வரும். ஒன்றரையால் பெருக்கினால் 48. விளம்பரத்தில் அந்த அளவை அச்சிட்டிருக்கிறார்கள் என்றால், யார் இழுத்தார்கள், எவ்வளவு நீளக் குழாயைக் கைப்பிடியில் செருகி இழுத்தார்கள் என்று கேளுங்கள்.

என் பார்வையில் முதலாவது கருவியே போதும். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து வினோனா நகரில் உருவான ஹாஸ்ஃபெல்ட் வளைப்பானின் தூரத்து உறவு அது. மோட்டார் இல்லை, எண்ணெய் இல்லை; முளைகளும் நெம்புகோலும் மட்டும்தான்.

கிரில் கடைப் பெண் எழுதியது:

ஐயா, அப்பாவுக்குப் பிறகு எங்கள் கிரில் பட்டறையை நான் நடத்தி வருகிறேன். கணக்குப்பிள்ளை ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். கடையில் போய் நிற்கும்போது எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சேர்க்கிறேன்.

முதலில் சட்டத்தைப் பாருங்கள். மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, இரண்டுக்கும் இடையில் டை, இரண்டையும் துளைத்துச் செல்லும் முளை என்று அமைந்திருந்தால் முளை இருமுனையிலும் தாங்கப்படுகிறது. ஒரே தகட்டில் முளையை நட்டு வைத்திருந்தால் அது தென்னங்கன்று போலச் சாய ஆரம்பிக்கும். முளை சாய்ந்துவிட்டால் மூலையும் முறுக்கிக்கொள்ளும். அதைப் பிறகு எந்தச் சுத்தியலாலும் நேராக்க முடியாது. முளையைத் துளையில் செருகி ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் வாங்க வேண்டாம். அப்படியே வாங்கினாலும், முளைகளை மட்டும் லேத்துப் பட்டறையில் இ.என்.8 என்னும் வலுவான இரும்பில் கடைந்து வாங்கிக்கொண்டால் பாதி நோய் தீர்ந்துவிடும்.

டைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்து மயங்காதீர்கள். ஏழு டைகளில் நீங்கள் இரண்டையே அன்றாடம் எடுப்பீர்கள். உட்புற வளைவின் ஆரம் தடிமனைப் போல இரண்டு மடங்காவது இருக்கும்படி, 6 மி.மீ. பட்டைக்கு 24 அல்லது 25 மி.மீ. விட்டமுள்ள டை ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். பட்டையை அழுத்திப் பிடிக்கும் எதிர்முளை நகரக்கூடியதாக இருக்க வேண்டும். அது நிலையாக இருந்தால் 5 மி.மீ. பட்டைக்கும் 12 மி.மீ. கம்பிக்கும் ஒரே இடைவெளிதான், இரண்டும் சரியாக அமையாது.

கிரில் சுருளுக்கு எந்த மெஷினையும் நம்ப வேண்டாம். எங்கள் பட்டறையில் சுருள் அச்சு என்பது 10 மி.மீ. தகட்டின் மேல் பட்டையையே சுருட்டி வெல்டு செய்து வைத்த ஒரு வடிவம். அதன் நடுவில் கம்பியின் நுனியைக் கொளுவி, கையால் சுற்றி வருவோம். ஒரு முறை சரியாகச் செய்துவிட்டால் ஆயிரம் சுருள் ஒரே அளவில் வரும். அப்பா 1990களில் செய்த அச்சு இன்னும் ஓடுகிறது.

உலைக்களம் எழுதியது:

எல்லோரும் மன்னிக்க வேண்டும், எனக்கு இந்த உரையாடலே விசித்திரமாக இருக்கிறது. இருபது பிராக்கெட்டுக்கும் நாலு சுருளுக்கும் 15,000 ரூபாயா? என் பாட்டனார் கொல்லுப் பட்டறையில் துருத்தி, பட்டடை, சம்மட்டி மூன்றையும் வைத்துக்கொண்டு மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போட்டவர். இரும்பைப் பழுக்கக் காய்ச்சினால் அது மெழுகு. பழைய இரும்புக் கடையில் தடித்த தகடும் இரண்டு உருளைத் துண்டும் எடைக்கு வாங்கி, வெல்டு செய்து, நீங்களே கருவியைச் செய்துகொள்ளலாம். கட்டட வேலையில் கம்பி கட்டுகிறவர்கள் பலகையில் நாலு முளையை அடித்து, கம்பி வளைக்கும் ஒரு சாவியை வைத்து நாள் முழுக்க ரிங் வளைக்கிறார்களே, அவர்கள் எந்தக் கடையில் மெஷின் வாங்கினார்கள்?

திருவெறும்பூர் ஃபிட்டர் எழுதியது:

தம்பி, கம்பி கட்டுகிறவர் வளைப்பது பெரும்பாலும் 8 மி.மீ. ரிங். மேலே சொன்ன எட்டு மடங்குக் கணக்கை நினைவில் கொள்ளுங்கள், 16 மி.மீ.க்குப் போகும்போது அவரும் நீண்ட குழாயைத் தேடுவார்.

நீங்களே செய்யலாம் என்பதை மறுக்கவில்லை. வெல்டிங் கை தேர்ந்தவருக்கு அது நல்ல வழி. ஆனால் அதன் முளைத்துளைகள் மேல்தகட்டிலும் கீழ்த்தகட்டிலும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும்; இரண்டு தகடுகளையும் ஒன்றாக அடுக்கி, ஓரத்தில் புள்ளி வெல்டு வைத்து, ஒரே முறையில் துளையிட வேண்டும். வளைப்பதே இப்போதுதான் பழகுகிறவர் இதைத் தொடங்கினால், பிராக்கெட் செய்வதற்குப் பதிலாக ஆறு மாதம் பிராக்கெட் செய்யும் கருவியைச் செய்துகொண்டிருப்பார். அப்படிச் சிலரை நான் பார்த்திருக்கிறேன். நானே அப்படி ஒருவன்.

காய்ச்சி அடிப்பது பற்றி இரண்டு எச்சரிக்கைகள். ஜி.ஐ. பைப்பைக் காய்ச்சவே கூடாது; மேலே பூசிய துத்தநாகம் புகையாகி, அன்றிரவே காய்ச்சலும் குளிருமாகப் படுக்க வைத்துவிடும். கட்டடத்துக்குப் போடும் டி.எம்.டி. முறுக்குக் கம்பியையும் பழுக்கக் காய்ச்ச வேண்டாம். சூடாக உருட்டி வெளித்தோலை மட்டும் தண்ணீரால் திடீரென்று குளிர்விப்பதில்தான் அதன் வலு உண்டாகிறது. மறுபடியும் காய்ச்சினால் அந்த வலு போய்விடும். அலங்கார வேலைக்கு மேலே வரிமேடு இல்லாத வழவழப்பான சாதாரணக் கம்பியே நல்லது, வளைக்கவும் பாதி விசைதான்.

உலைக்களம் எழுதியது:

துத்தநாகப் புகை பற்றிச் சொன்னதற்கு நன்றி ஐயா. வண்டிப் பட்டாவுக்குத் துத்தநாகம் பூசாத காலத்தில் பாட்டனார் பிழைத்துக்கொண்டார். ஆனாலும் பழைய இரும்புக் கடையை ஒரு முறை சுற்றிப் பார்க்காமல் புதிய மெஷினை வாங்கக் கூடாது என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

முசிறிக் கொட்டகை எழுதியது:

ஏறத்தாழ முடிவுக்கு வந்துவிட்டேன். தூண் வைத்த கைவளைப்பானையே வாங்கப் போகிறேன். ஒரு சந்தேகம் மிஞ்சியிருக்கிறது. என் கொட்டகைத் தரை, செங்கல் ஜல்லியைப் போட்டு அடித்து, மேலே இரண்டு அங்குலம் சிமென்ட் பூசிய பழைய தரை. நான்கு ஆங்கர் போல்ட் அடித்தால் போதும் என்று கடையில் சொல்கிறார்கள். போதுமா?

திருவெறும்பூர் ஃபிட்டர் எழுதியது:

போதாது. இந்தக் கருவியை வாங்கிவிட்டு மூலையில் போட்டு வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் தோற்றது இங்கேதான். கம்பியை வளைக்க நீங்கள் கொடுக்கும் திருப்புவிசை முழுவதும் தூண் வழியாகத் தரைக்குப் போய்ச் சேர வேண்டும். கைப்பிடி இடுப்பு உயரத்தில் இருப்பதால் தூணைக் கவிழ்க்கும் விசையும் கூடவே வருகிறது. 25க்கு 6 பட்டைக்கு ஒருவேளை தாங்கும். சதுரக் கம்பியில் பத்தாவது வளைவிலேயே போல்ட் ஜல்லியோடு பெயர்ந்து வரும். ஆங்கர் போல்ட் என்பது நான்கு அங்குலமாவது கெட்டியான கான்கிரீட்டுக்கு உரியது.

ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி சதுரத்தில், இரண்டடி ஆழத்துக்குக் குழி வெட்டிக் கான்கிரீட் போடுங்கள். அது தனியாகவே ஏறத்தாழ 300 கிலோ எடை வரும். சுற்றிலும் மண்ணின் பிடிப்பும் உண்டு. அதில் தூணை நேரடியாகப் புதைக்காமல், தடித்த சுவருள்ள சதுரக் குழாய்த் துண்டு ஒன்றைத் தரைமட்டத்துக்குப் புதைத்து, தூணின் அடியில் அதற்குள் இறங்கும் அளவுக்கு இன்னொரு சதுரத் துண்டை வெல்டு செய்துவிட்டால், வேலை முடிந்ததும் தூணைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் அது பெரிய வசதி. உருண்டைக் குழாய் வேண்டாம், சுழலும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

குழி வெட்ட விருப்பமில்லாதவர்களுக்கும் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இன்னொரு வழி உண்டு. நான்கடிக்கு நான்கடி அளவில், கீழே ஆங்கிள் சட்டம் கொடுத்து விறைப்பாக்கிய ஒரு இரும்புத் தகட்டின் நடுவில் தூணை வெல்டு செய்துவிட்டு, அந்தத் தகட்டின் மேலேயே நின்றுகொண்டு வளையுங்கள். தரையில் ஒரு போல்ட்கூட வேண்டாம்.

கிரில் கடைப் பெண் எழுதியது:

ஐயா, இதை என்னால் ஏற்க முடியவில்லை. தரையில் பிணைக்காத தகடு, நாம் இழுக்கும் பக்கமாகச் சுழன்றுவிடாதா? எங்கள் பட்டறையில் கால் கழன்ற மேசையில் வைஸ் வைத்து இழுத்தால் மேசையே நடந்து வருகிறது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

மேசை நடந்து வருவதற்குக் காரணம் நீங்கள் தரையில் நிற்பது, அம்மா. கைப்பிடியை நீங்கள் முன்னே தள்ளும்போது உங்கள் கால் தரையைப் பின்னே தள்ளுகிறது. தரையும் மேசையும் வேறுவேறு பொருள்களாக இருப்பதால் ஒன்று மற்றொன்றை விட்டு விலகுகிறது. தகட்டின் மேலேயே நின்றால் கை தகட்டை ஒரு பக்கம் திருப்ப, கால் அதே தகட்டை அதே அளவுக்கு மறுபக்கம் திருப்புகிறது. இரண்டும் தகட்டுக்குள்ளேயே தீர்ந்துவிடுவதால் தரைக்குச் செய்தியே போகாது. காவிரியில் பரிசலுக்குள் உட்கார்ந்துகொண்டு அதன் விளிம்பை எவ்வளவு தள்ளினாலும் பரிசல் நகராது. கரையில் நின்று தள்ளினால்தான் போகும்.

இரண்டு நிபந்தனைகள் உண்டு. கைப்பிடி சுற்றி வரும் வழி முழுவதும் கால் வைக்கத் தகடு இருக்க வேண்டும். ஒரு கால் கீழே இறங்கினாலும் கணக்கு உடைந்துவிடும். தகடு வளைந்து கொடுக்காமல் இருக்க வேண்டும். அதற்குத்தான் ஆங்கிள் சட்டம்.

கிரில் கடைப் பெண் எழுதியது:

இன்று காலை பட்டறையில் 8 மி.மீ. தகட்டின் மேல் சிறிய வளைப்பானை வெல்டு செய்து சோதித்துப் பார்த்தேன். 12 மி.மீ. சதுரக் கம்பி வளைந்தது, தகடு அசையவில்லை. தரையில் இறங்கி இழுத்தபோது உடனே சுழன்றது. தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான்கடித் தகடு 8 மி.மீ.யில் 90 கிலோவுக்கு மேல் எடை வரும். அதன் விலை குழிக்கான சிமென்டைவிடப் பல மடங்கு என்பதையும் முசிறி ஐயா கவனத்தில் கொள்ள வேண்டும். சொந்த இடத்தில் குழிதான் மலிவு.

உலைக்களம் எழுதியது:

மூன்றாவது கருவியைப் பற்றி யாரும் பேசவில்லையே?

திருவெறும்பூர் ஃபிட்டர் எழுதியது:

வைஸில் வைத்துத் தகடு மடிக்கும் அச்சு நல்ல பொருள்தான். சுவிட்சுப் பெட்டி போன்ற சிறு மடிப்புகளுக்குப் பயன்படும். 18 கேஜ் தகடு, அதாவது ஏறக்குறைய 1.2 மி.மீ., அரையடி நீளத்துக்கு மடிக்கவே ஒன்றரை டன் அளவுக்கு அழுத்தம் வேண்டும். உங்கள் வைஸின் திருகு அதோடு மூச்சு வாங்கத் தொடங்கும். பட்டியலில் தகட்டு வேலை எதுவும் இல்லாததால் இப்போது வேண்டாம்.

முசிறிக் கொட்டகை எழுதியது:

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். கைவளைப்பானை வாங்கிவிட்டேன், குழி வெட்டிச் சதுரக் குழாயும் புதைத்தாயிற்று. உலைக்களம் தம்பி சொன்னபடி பழைய இரும்புக் கடையில் தேடியதில் தூணுக்குத் தடித்த குழாய் எடைக்குக் கிடைத்தது. அதனால் கருவியைத் தூண் இல்லாமல் வாங்கிக் கொஞ்சம் மிச்சப்படுத்தினேன். ஆடிக்கொண்டிருந்த இரண்டு முளைகளை லேத்தில் கடைந்து மாற்றிவிட்டேன். எல்லாம் சேர்த்து 15,000க்குள் அடங்கிவிட்டது.

ஆனால் பிராக்கெட்டுகள் அளவு தவறிவிட்டன. ஒரு கை 150, மறு கை 200 மி.மீ. வேண்டும் என்பதால் 350 மி.மீ.க்குப் பட்டையை வெட்டி, 150இல் கோடு போட்டு வளைத்தேன். இரண்டு கைகளையும் வெளிப்புறமாக அளந்து கூட்டினால் 363 வருகிறது. இரும்பு எங்கிருந்து வந்தது? மேலும், அவற்றில் ஒன்று மூலையின் விளிம்பில் மெல்லியதாக வெடித்திருக்கிறது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இரும்பு வரவில்லை ஐயா. நீங்கள்தான் மூலையை இரண்டு முறை எண்ணுகிறீர்கள். வெளிப்புற அளவு கூர்மையான மூலை வரை போகிறது. பட்டையோ அந்த மூலைக்குப் போகாமல் குறுக்கு வழியில் வளைந்து திரும்புகிறது. உங்கள் டையின் ஆரம் 12, தடிமன் 6. நேரான பகுதிகள் 132உம் 182உம். நடுவில் உள்ள வளைவில் நீளமும் சுருக்கமும் இல்லாத கோடு, உட்புறத்திலிருந்து தடிமனில் ஐந்தில் இரண்டு பங்கு தூரத்தில் செல்வதாகக் கொண்டால், அதன் நீளம் 22.6 மி.மீ. ஆகும். மொத்தம் 336.6. எனவே ஒவ்வொரு செங்கோண மூலைக்கும் 13 முதல் 13.5 மி.மீ. வரை கழித்து வெட்ட வேண்டும்.

இந்தக் கணக்கு பிடிக்கவில்லை என்றால், 300 மி.மீ. துண்டு ஒன்றை உங்கள் டையில் செங்கோணமாக வளைத்து, இரு கைகளையும் வெளிப்புறமாக அளந்து கூட்டுங்கள். 300க்கு மேல் வருவதுதான் உங்கள் கருவிக்கும் உங்கள் பட்டைக்கும் உரிய கழிவு. அதைச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதி வையுங்கள்.

திருவெறும்பூர் ஃபிட்டர் எழுதியது:

வெடிப்புக்கு என் ஊகம்: அந்தத் துண்டு மட்டும் தகட்டிலிருந்து வெட்டிய கீற்றாக இருக்கலாம். கடையில் வாங்கும் பட்டை நீளவாக்கில் உருட்டி வருவதால் அதன் இழை நீளமாக ஓடும். வளைவு இழைக்குக் குறுக்கே விழும், அது நல்லது. தகட்டுக் கழிவிலிருந்து வெட்டும்போது இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது தெரியாது. வளைவுக்கு இணையாக ஓடினால் விளிம்பு விரியும். கட்டிங் மெஷின் விட்டுவைத்த பிசிறிலிருந்தும் வெடிப்பு தொடங்கும்; வளைப்பதற்கு முன் விளிம்பை அரத்தால் நாலு இழுப்பு இழுத்துவிடுங்கள். உங்கள் 12 ஆரத்தில் வெளித்தோல் ஐந்தில் ஒரு பங்கு நீள்கிறது, அது சாதாரண இரும்புக்குப் பழக்கமான சுமைதான். அதைவிடச் சிறிய டையை 6 மி.மீ. பட்டைக்கு எடுக்க வேண்டாம்.

முசிறிக் கொட்டகை எழுதியது:

நீங்கள் சொன்னது சரி ஐயா. அந்த ஒன்றை மட்டும் பழைய தகட்டிலிருந்து வெட்டினேன். இனி மல்லிகைப் பந்தல்தான் பாக்கி. அரை அங்குல பைப்பை 600 மி.மீ. ஆரத்தில் அரைவட்டமாக வளைக்க வேண்டும். இந்தக் கருவியில் அதற்கு டை இல்லை. கடைசியில் அந்த ஹைட்ராலிக்தான் வேண்டியிருக்குமோ?

திருவெறும்பூர் ஃபிட்டர் எழுதியது:

வேண்டாம். அவ்வளவு பெரிய ஆரத்தில் குழாயின் வெளிச்சுவர் நூற்றுக்கு இரண்டு பங்குகூட நீளாது. அமுங்கும் பேச்சே இல்லை. தடித்த பிளைவுட் பலகையை அரைவட்டமாக வெட்டித் தரையில் பதித்து, குழாயின் ஒரு நுனியைக் கட்டை வைத்துப் பிணைத்து, மறுநுனியைப் பிடித்தபடி நடந்து வந்தால் கையாலேயே படிந்துவிடும். குழாயின் நீளவாக்கில் ஓடும் வெல்டு தையல் உட்புறமோ வெளிப்புறமோ வராமல் பக்கவாட்டில் இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வளைவின் ஆரம் பெரிதாக இருந்தால் இரும்பு அதிகமாகத் திமிறித் திரும்பும். 600 வேண்டுமென்றால் பலகையை 540க்கு வெட்டுங்கள். விட்டவுடன் அதுவே விரிந்து ஏறக்குறைய 600க்கு வந்து நிற்கும். வளைக்கும் குழாயை இரண்டு பக்கமும் ஓரடி கூடுதலாக விட்டு, முடிந்த பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். கடைசி ஓரடியைக் கையால் பிடித்து வளைக்க ஒருவராலும் முடியாது.

முசிறிக் கொட்டகை எழுதியது:

540க்கு வெட்டி வளைத்தேன். முதல் குழாய் 605இல் நின்றது, இரண்டாவது 598இல். இரண்டையும் நட்டு, குறுக்கே கம்பி கட்டி, கொடியை ஏற்றிவிட்டேன்.